மலையில் ஒன்று, கொழும்பில் ஒன்று

கொட்டகலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கற்பிக்கிறேன். வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழும் முதியவர்களின் தகரப் பெட்டிகளில் உள்ள பத்திரங்களையும் ஒளிப்படங்களையும் ஸ்கேன் செய்கிறேன். அவர்கள் பாடும் பாடல்களை ஒலிப்பதிவு செய்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தச் சேகரம் முழுவதும் ஒரு மடிக்கணினிக்குள் இருக்கிறது. அதைப் பாதுகாக்க எந்த வெளி வன்தட்டை வாங்குவது என்று கடந்த ஆண்டு பல வாரங்கள் யோசித்தேன். என்னைப் போன்ற வேலையில் இருக்கும் வேறு ஆசிரியர்களும் இளைஞர்களும் அதே கேள்வியை இப்போது என்னிடம் கேட்பதால், நான் யோசித்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பழைய தவறைச் சொல்ல வேண்டும். 2019 வரை என்னிடம் ஒரு டெராபைட் வன்தட்டு ஒன்று இருந்தது. மடிக்கணினி நிரம்பும்போதெல்லாம் பழைய பதிவுகளை அதற்கு மாற்றிவிட்டு, கணினியில் இருந்தவற்றை அழித்துவிடுவேன். அதைத்தான் பேக்கப் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது இடமாற்றம் மட்டுமே. கோப்பு முன்பு ஓரிடத்தில் இருந்தது, பின்பு வேறோர் இடத்தில் இருந்தது, எப்போதும் ஒரே பிரதியாகவே இருந்தது. ஒரு நாள் மாலை, தட்டு சுழன்றுகொண்டிருந்தபோது அதன் கேபிளில் ஒரு பிள்ளையின் கால் தட்டுப்பட்டது. மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்த அந்தத் தட்டு, பிறகு எந்தக் கணினியில் இணைத்தாலும் ஒரே சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று ஒலித்ததே தவிர, திறக்கவில்லை. கொழும்பில் தரவு மீட்கும் கடையொன்றில், வாசிக்கும் தலை உடைந்து தட்டின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டது என்றார்கள். அதற்குள், காமன் கூத்துப் பாடல்களைத் தலைமுறையாகக் கற்பித்து வந்த ஒரு வாத்தியார் எனக்காக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பாடிய 14 மணித்தியாலப் பதிவு இருந்தது. வாத்தியார் இன்றும் இருக்கிறார். ஆனால் அடுத்த ஆண்டு வந்த பக்கவாதத்தில் அவருக்குக் குரல் போய்விட்டது. அந்த 14 மணித்தியாலத்தில் எஞ்சியிருப்பது, ரதியின் புலம்பல் வரும் 11 நிமிடம் மட்டுமே. அவருடைய மகன் கேட்டதற்காக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த துண்டு அது.

ஆகவே இந்த முறை கடைக்குப் போகும் முன் கணக்குப் பார்த்தேன். எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஏ4 தாள் ஒன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) நுணுக்கத்தில் வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 100 மெகாபைட் ஆகும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ ஒலிப்பதிவு மணித்தியாலத்துக்கு ஒரு கிகாபைட்டைத் தாண்டும். வினாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதியும் முழு எச்டி காணொளிக்கு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 11 கிகாபைட் வேண்டும். என் சேகரம் அப்போது 410 கிகாபைட். ஆண்டுக்கு அறுபது, எழுபது என்று வளர்கிறது. மாற்றப்பட்ட கோப்புகளின் பழைய வடிவங்களையும் பேக்கப் மென்பொருள் வைத்திருக்க வேண்டும் என்பதால், இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். அப்படிப் பார்த்தால் 2 டெராபைட் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும். பெட்டியில் 2 டெராபைட் என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 1.81 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார்; விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. இதைச் சொல்லக் காரணம், ஒரு சக ஆசிரியை இதற்காகவே கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார்.

அடுத்து வன்தட்டின் உருவம். 3.5 அங்குலத் தட்டைக் கொண்ட மேசை வகை, அதே பணத்துக்குக் கூடுதல் கொள்ளளவைத் தரும். ஆனால் அதற்கு 12 வோல்ட் அடப்டர் வழியாகச் சுவரிலிருந்து மின்சாரம் வேண்டும். கைக்கு அடக்கமான 2.5 அங்குல வகை, கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். மலையகத்தில் வாழ்பவருக்கு இந்த வேறுபாடு ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும் என்று நினைக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த நெருக்கடி கடந்த பிறகும், மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இறங்கினால் எங்கள் பக்கத்தில் மின்சாரம் சொல்லாமல் போகும். மடிக்கணினிக்கு பெட்டரி இருப்பதால் 2.5 அங்குலத் தட்டு தன் வேலையைத் தொடரும். அடப்டரை நம்பிய தட்டு எழுதிக்கொண்டிருந்த கோப்பின் நடுவிலேயே நின்றுவிடும். இடி இடிக்கும்போது சுவர்த் துளையிலிருந்து சார்ஜரையும் கழற்றிவிட்டு, பெட்டரியிலேயே பேக்கப்பை முடித்த நாட்கள் எனக்கு உண்டு.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஅம்பியர் மின்னோட்டத்தையே தர வேண்டிய தரமுடையது, 3.0 துளை 900 வரை தரும். பாடசாலையின் பழைய கணினிகளில், குறிப்பாக முன்பக்கத் துளைகளில், நல்ல வன்தட்டும் சுழலத் தொடங்கி நின்று, மீண்டும் சுழன்று, டிக் என்று ஒலிக்கும். என் புதிய தட்டு முதன்முறை அப்படி ஒலித்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. கேபிளை மாற்றி, பின்பக்கத்தில் உள்ளே நீல நிறம் தெரிகிற துளையில் இணைத்ததும் சரியாகிவிட்டது. நீளமான, மெல்லிய கேபிள்களைத் தவிர்க்க வேண்டும். தட்டு பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். துளையின் வேறுபாடு வேகத்திலும் தெரியும். 400 கிகாபைட்டை 3.0 துளை வழியாக வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஆகும். பழைய 2.0 துளையில் அதே வேலைக்கு மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் ஆகும். சிறு சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டுமே இன்னும் தாமதமாகும்.

சுழலும் தட்டா, மின்சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்ற கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்தேன். எஸ்எஸ்டிக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. என் பழைய தட்டுக்கு நேர்ந்தது அதற்கு நேராது. வேகமும் நான்கைந்து மடங்கு அதிகம். வளைவுகள் நிறைந்த ஹட்டன் பாதையில் பஸ்ஸில் கொண்டு திரிபவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கொள்ளளவுக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். மேலும் எஸ்எஸ்டி தரவை மின்னேற்றமாகச் சேமிக்கிறது. மின்சாரம் இன்றி நெடுநாள் கிடந்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும். பாவனையில் தேய்ந்து ஆயுள் முடிந்த நிலையிலும் ஓர் எஸ்எஸ்டி 30 பாகை வெப்பத்தில் மின்சாரம் இன்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே மின்சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு சாதாரணப் பாவனையாளருக்கான வகைக்கு வகுத்த அளவுகோல். புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனாலும், எழுதி முடித்து அலுமாரியில் மாதக்கணக்கில் வைக்கப்போகும் ஒன்றுக்குக் காந்தப் பதிவையே நான் நம்பினேன். நாள்தோறும் பையில் போட்டுக்கொண்டு போய் வேலை செய்பவருக்கு எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன்.

சுழலும் தட்டு ஓடாதபோது அதன் தலைகள் தட்டை விட்டு விலகி ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். அந்நிலையில் அது நல்ல அதிர்ச்சியைத் தாங்கும். ஓடும்போது சிறு தட்டலும் ஆபத்து. ஆகவே இப்போது பேக்கப் நடக்கும்போது தட்டை மேசையில் வைப்பதில்லை. தரையில் மடித்த கம்பளித் துண்டின் மேல், சுவரோரமாக வைக்கிறேன்; கதவையும் சாத்திவிடுகிறேன்.

இன்று கடைகளில் கிடைக்கும் 2.5 அங்குலத் தட்டுகளில் பல எஸ்எம்ஆர் என்னும் முறையில் எழுதுகின்றன. இதைப் புரிந்துகொள்ள எங்கள் லயத்துக் கூரையைப் பார்த்தால் போதும். தகரங்கள் ஒன்றின் ஓரத்தின் மேல் மற்றொன்று ஏறும்படி அடிக்கப்பட்டிருக்கும். கடைசியில் புதுத் தகரம் சேர்ப்பது எளிது. நடுவிலே துருப்பிடித்த ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் ஏறியிருப்பவற்றையும் கழற்றி மீண்டும் அடிக்க வேண்டும். எஸ்எம்ஆர் தட்டில் தரவுத் தடங்கள் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. புதிதாக எழுதும்போது வேகம் குறையாது. ஏற்கெனவே நிறைந்த தட்டில் பழையதை அழித்து எழுதும்போது திடீரென்று ஆமை வேகத்துக்கு வந்துவிடும். பேக்கப்புக்கு இது குறையன்று, பொறுமை இருந்தால் போதும். அந்தத் தட்டை நாள் முழுதும் வேலைத்தட்டாகப் பயன்படுத்துவதும், முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதும்தான் கூடாது.

இந்த உயரத்தில் வன்தட்டு ஒழுங்காக வேலை செய்யுமா என்று மாணவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. வாசிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் அந்த உயரம் குறையும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,000 மீற்றர் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். உயரத்தைப் பற்றி நமக்குக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஈரத்தைப் பற்றி. குளிர்ந்த பனிமூட்டத்தில் பயணம் செய்து வந்த தட்டை, சூடான அறைக்குள் வந்த உடனே பையிலிருந்து எடுத்தால், கண்ணாடியில் ஆவி படிவதைப் போல அதன் மேலும் உள்ளும் நீர் படியலாம். பையை மூடியபடியே இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்திருந்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே இணைக்கிறேன். மற்ற நேரங்களில் அது இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பொட்டலங்களை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

எந்த நிறுவனத்தின் தட்டு நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், சுழலும் தட்டை உள்ளே உண்மையில் தயாரிப்பவை இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களே. மூன்றும் நல்ல தட்டுகளைச் செய்கின்றன. மூன்றின் தட்டுகளும் ஒரு நாள் பழுதாகும். வாரண்டி அட்டையும் பற்றுச்சீட்டும் தரும் கடையில் வாங்க வேண்டும். ஆனால் வாரண்டி புதிய தட்டைத்தான் தரும், அதற்குள் இருந்த பாட்டைத் தராது. இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு வரும் 16 டெராபைட் எஸ்எஸ்டிகளை யாரும் வாங்க வேண்டாம். அவற்றுள் பலவற்றின் உள்ளே ஒரு சிறிய மெமரி கார்ட்தான் இருக்கும். பொய்யான கொள்ளளவைக் காட்டும்படி அது மாற்றப்பட்டிருக்கும். எழுதும்போது ஏற்றுக்கொள்வதைப் போல நடித்துவிட்டு, பழைய கோப்புகளின் மேலேயே எழுதும். புதிய தட்டு எதுவானாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதையும் ஒருமுறை எழுதி வாசித்துப் பார்த்த பிறகே நம்புங்கள். எனக்கு அந்தச் சோதனைக்கு ஓர் இரவும் மறுநாள் காலையும் பிடித்தன.

கடையில் இருந்த தம்பி என் பழைய மாணவர். "டீச்சர், நாலு டிபியில ஒன்னு எடுத்தீங்கன்னா காசும் மிச்சம், இடமும் கூட. எதுக்கு ரெண்டு டிபியில ரெண்டு?" என்றார்.

"ஒன்னு என்கிட்ட இருக்கும் தம்பி, மத்தது கொழும்புல தங்கச்சி வீட்டுல இருக்கும்" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் இரண்டு வேறு நிறுவனங்களின் தட்டாக எடுக்கும்படி சொன்னார். ஒரே தொகுதியில் செய்யப்பட்டவற்றில் ஒரே குறை இருக்க வாய்ப்புண்டு என்பது அவர் கருத்து. நல்ல யோசனை. அப்படியே செய்தேன்.

இரண்டாவது தட்டை ஏன் அவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று இங்கே வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ மலைச்சரிவுகள் ஒரே நேரத்தில் இறங்கின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரும்போது, கையில் எடுத்துக்கொண்டு வெளியேற நமக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கும். அந்த நிமிடங்களில் நான் பிள்ளைகளையும் அம்மாவையும் பார்க்க வேண்டும், டப்பாவைத் தேடக் கூடாது. பக்கத்து லயத்திலோ பாடசாலை அலுமாரியிலோ வைத்த பிரதி அதே சரிவில்தான் இருக்கிறது. தங்கச்சி கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் வசிக்கிறாள். களனி கங்கை பெருகினாலும் தண்ணீர் அந்த அலுமாரி வரை ஏறாது. ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் என்னிடம் உள்ள தட்டைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அங்குள்ளதை எடுத்து வருகிறேன். ஆகவே கொழும்பில் இருப்பது எப்போதும் ஒரு தவணை பழையது. அந்த இடைவெளியில் செய்த பதிவுகளை மட்டும் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு இணையவழி மேகச் சேமிப்பே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பதிவேற்ற வேகம் வினாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தால் அது நல்ல நாள். அந்த வேகத்தில் 400 கிகாபைட்டை ஏற்ற, இடைவிடாமல் ஏழு நாளுக்கு மேல் ஆகும். டேட்டா கார்டின் செலவு வேறு. கூகுள் இலவசமாகத் தரும் 15 கிகாபைட்டுக்குள் என் குறிப்புகளையும் பாடல் எழுத்துவடிவங்களையும் மட்டும் வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு பிரதிதான். மூன்று பிரதிகள், இரண்டு விதச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதியை எழுத்துகளுக்கேனும் முழுமையாகக் காப்பாற்ற முடிகிறது.

தட்டை எந்த வடிவத்தில் ஃபோர்மட் செய்வது என்பதையும் வாங்கிய அன்றே தீர்மானிக்க வேண்டும். பிறகு மாற்றினால் உள்ளே இருப்பது அழியும். விண்டோஸும் மெக்கும் இரண்டும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் வசதியானது. ஆனால் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் பழக்கம் அதற்கு இல்லாததால், எழுதும்போது கேபிள் கழன்றால் கோப்பு அட்டவணையே குழம்பலாம். நான் விண்டோஸ் மட்டுமே பாவிப்பதால் என்டிஎஃப்எஸ் போதும். மென்பொருளுக்கும் காசு கொடுக்கவில்லை. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபைல் ஹிஸ்டரி, கோப்பின் பழைய வடிவங்களைத் திகதிவாரியாக வைத்திருக்கும். மெக்கில் 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது. மூலத்தில் அழித்தால் பிரதியிலும் அழித்துவிடுகிற கண்ணாடிப் பிரதி முறையை மட்டும் நம்ப வேண்டாம். இன்று தவறுதலாக அழித்த கோப்பு இன்றிரவே பிரதியிலும் போய்விடும். வேலை முடிந்ததும் தட்டைக் கழற்றி வைக்க வேண்டும். 2017இல் உலகம் முழுவதும் பரவிய வன்னாகிரை போன்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீம்பொருள், இணைந்திருக்கும் தட்டுகளில் உள்ளவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கடவுச்சொல் இட்டுப் பூட்டுவதா என்ற கேள்வியை நான் எனக்காக மட்டும் யோசிக்க முடியாது. என் தட்டில் பிறருடைய பிறப்புப் பதிவுகளும் பிரஜாவுரிமைச் சான்றிதழ்களும் இருக்கின்றன. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன, 1964இல் இலங்கையும் இந்தியாவும் 300,000 பேர் இங்கே, 525,000 பேர் அங்கே என்று பங்கிட்டுக்கொண்ட ஒரு சமூகத்தில், ஒரு தாள் இருப்பதும் இல்லாததும் குடும்பத்தையே பிரித்திருக்கிறது. ஒரு பாட்டி தன் தாளை ஸ்கேனரில் வைக்க என்னிடம் கொடுத்தபோது, அது திரும்பி வரும் வரை மறு நுனியிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. அவருடைய விரல் நுனியும் அந்தப் பிரதியில் பதிந்திருக்கிறது. அப்படி நம்பிக் கொடுத்தவற்றைத் திறந்தபடி பஸ்ஸில் கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. பத்திரங்கள் மட்டும் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பூட்டிய ஒரு கொள்கலனுக்குள் இருக்கின்றன, பாடல்கள் பூட்டப்படவில்லை. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, ஹட்டனில் உள்ள ஒரு தோழியிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஏதேனும் நேர்ந்தாலும் அந்தக் குடும்பங்களுக்கு அவை திரும்பக் கிடைக்க வேண்டும். தட்டின் சுற்றுப்பலகையிலேயே பூட்டு அமைந்த வகைகளைத் தவிர்த்தேன். அந்தப் பலகை பழுதானால் நல்ல தட்டும் வாசிக்க முடியாததாகிவிடும்.

தவணைக்கு ஒருமுறை தட்டை மாற்றி எடுத்து வரும் நாளன்று இரண்டு சோதனைகள் செய்கிறேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில், பழுதான இடத்துக்குப் பதிலாக ஒதுக்கப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறேன். அது பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் அந்தத் தட்டை உடனே மாற்றிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன், இதுவரை ஏறவில்லை. பிறகு பத்துக் கோப்புகளை எழுந்தமானமாக எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, பாடலானால் கடைசி வரை கேட்கிறேன்.

வாத்தியாருடைய மகன் போன வாரம் வந்திருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் 11 நிமிடம் அவருடைய போன் தொலைந்தபோது போய்விட்டதாம். அப்பா அதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்றார். அவர்களிடம் கணினி இல்லை, யூஎஸ்பி துளையுள்ள ஒரு பழைய தொலைக்காட்சி இருக்கிறது. அத்தகைய தொலைக்காட்சிகள் பல என்டிஎஃப்எஸ்ஸையும் எக்ஸ்ஃபேட்டையும் படிப்பதில்லை. ஆகவே ஒரு சிறிய பென் டிரைவை ஃபேட்32 வடிவத்தில் ஃபோர்மட் செய்து, பாடலை எம்பி3யாக மாற்றி ஏற்றி, பாடசாலைத் தொலைக்காட்சியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுத்தனுப்பினேன்.